தம்பி சொல்லாத ஒரு வரி

பஸ்ஸைப் பற்றி என்னிடம் யாரும் கதை விட முடியாது. கிள்ளானில் என் பட்டறையிலிருந்து வெளியே போன பஸ்கள் மலேசியாவின் வடக்கிலும் தெற்கிலும் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கம்பெனியிலிருந்து எஞ்சினும் சக்கரமும் சட்டமும் மட்டும்தான் வரும். அதற்கு மேலே உள்ள உடம்பு முழுக்க என் கை வேலை. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று என்ஜினியர் படித்தவர்கள் என்னிடம் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். இதை எழுதுவதும் நான்தான். எழுத்துப் பிழையை மட்டும் மகள் எஸ்தர் பார்த்துக்கொள்வாள்.

ஆகவே, நான் ஏறிய பஸ் காஞ்சிபுரத்து எல்லையில் கீச்சென்று கத்திக்கொண்டு நின்றபோது, டிரைவருக்கு முன்னால் நான் இறங்கிவிட்டேன். பின்சக்கரத்துக்கு மேலே தகரம் கழன்று டயரை உரசிக்கொண்டிருந்தது. கண்டக்டர் ஓடி வந்தார்.

“பெர்சு, நீ இன்னா மெக்கானிக்கா? ஏறி குந்துபா. வேற வண்டி வரும்.”

“மெக்கானிக் இல்லை தம்பி. இதைச் செய்கிறவன். கயிறு இருந்தா கொடு.”

கயிறு வந்தது. தகரத்தை மடக்கி இழுத்துக் கட்டினேன். பஸ் நகர்ந்தது. முன்சீட்டில் இரண்டு அம்மாக்கள் என்னைத் திரும்பிப் பார்த்துத் தெலுங்கில் பேசிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு மொழிபெயர்த்தார்: “இந்த வயசுல இவ்ளோ துள்ளுறாரே, வூட்ல பொண்டாட்டி எப்படி சமாளிக்கறாளோன்னு சொல்றாங்க.” என் மனைவி காலமாகி ஆறேழு வருஷம் ஆகிறது. அதைச் சொன்னால் பாவம் அவர்கள் முகம் வாடிவிடும் என்று நானும் சிரித்துவைத்தேன்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் எஸ்தரின் கல்யாணம். எங்கள் சபையில் பெண் வெள்ளைப் பட்டு உடுத்தித்தான் ஆலயத்துக்குள் வருவாள். அந்தக் கூறைப்புடவையை எடுத்துப்போக வேண்டும். அதைவிடப் பெரிய வேலை, என் தம்பி பாக்கியநாதன். காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் தத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவன். மெட்ராசுக்கு அனுப்பி அவனைப் படிக்கவைத்தது நான். படித்து முடித்ததும் கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டு, நெசவாளர் வீட்டுப் பெண் சரோஜாவைக் கட்டிக்கொண்டு இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டான்.

எஸ்தருக்குச் சித்தப்பா என்றால் உயிர். எட்டு வயதில் அவள் காய்ச்சலில் மாதக்கணக்கில் படுத்திருந்தபோது, விடுமுறைக்கு வந்திருந்த இவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் வாசித்துக் காட்டினான். கதைப் புத்தகங்கள் தீர்ந்துபோனதும் வீட்டிலிருந்த வேதாகமத்தை எடுத்து வாசித்தான். நம்பாதவன் வாசித்தான், பிள்ளை கேட்டுக்கொண்டே தேறினாள். கல்யாண ஆராதனையில் வேதபாடத்தை அவன்தான் வாசிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். “சித்தப்பா வாசிக்கலேன்னா எனக்கு அந்த வாசிப்பே வேணாம்பா” என்று சொல்லிவிட்டாள்.

சிக்கல் ஒரு வரியில் இருந்தது. பாடத்தை வாசித்தவர் முடிவில் ‘இது தேவனுடைய வார்த்தை’ என்று சொல்ல வேண்டும். சபை அதற்குப் பதில் சொல்லும். எங்கள் வழக்கம் அது. தம்பி போனில் சொல்லிவிட்டான்: பாடத்தை வாசிக்கிறேன், அந்த வரியைச் சொல்ல மாட்டேன், நம்பாததை மேடையேறிச் சொன்னால் அது பொய். எங்கள் போதகரும் சொல்லிவிட்டார்: அந்த வரி இல்லாமல் ஆலயத்தில் வாசிப்பு இல்லை. நான் சும்மா இருப்பேனா? ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, “நான் போய் அவனை முழங்காலில் நிறுத்தி அழைத்து வருகிறேன்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அத்தனை பஸ் கட்டியவனுக்குத் தம்பியைத் திருப்பத் தெரியாதா?

தம்பி வீடு பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவில் இருக்கிறது. தெருவுக்குள் நுழையும்போதே வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். என் பட்டறைச் சத்தத்துக்கு இது தாலாட்டு. வாசலில் பாக்கியம் நின்றுகொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்து, மூக்குக்கண்ணாடி தடித்து, எங்கள் அப்பா மாதிரியே ஆகியிருந்தான்.

“வா அண்ணே. பஸ்ஸை ரிப்பேர் பண்ணிக்கினு வந்தியாமே?”

“உனக்கு யார் சொன்னா?”

“உன் முன்சீட்டுல இருந்தவங்க ரெண்டு பேரும் எதிர்வூடு. உனக்கு முன்னாடியே உன் பேர் வந்து சேர்ந்துடுச்சு.”

பக்கத்து வீடு சரோஜாவின் அண்ணன் வரதனுடையது. தறி அங்கேதான். குழிக்குள் காலை விட்டுக்கொண்டு வரதன் உட்கார்ந்திருந்தார். கரை நெய்ய இன்னொரு ஆள் வேண்டும் என்பதால் பக்கத்தில் அவர் மனைவி ராணி. தறியில் எஸ்தரின் கூறை. பால் வெள்ளை உடல், பொன் சரிகைக் கரை. போனில் சொல்லி இரண்டு மாதத்துக்கு முன்பே ஏற்பாடு செய்தது, இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. பட்டறையில் தகரத்தைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு கரையை நீளவாக்கில் பார்த்தேன். “நல்லா இருக்கு. கரை நேராப் போகுது” என்றேன். என் பட்டறையில் இதற்கு மேல் நான் யாரையும் பாராட்டியதில்லை.

ராணிதான் மெல்ல ஆரம்பித்தார்.

“அண்ணா, கண்ணாலப் பொண்ணுக்கு மொத்தமும் வெள்ளையாண்ணா? நெய்யச் சொல்லோ மனசு கேக்கல. ஓரமா ஒரு எழை அரக்கு உட்டுரட்டுமா? யாருக்கும் தெரியாதுண்ணா.”

“கூடாதும்மா. வெள்ளைன்னா வெள்ளை. எங்களுக்கு அது பரிசுத்தத்துக்கு அடையாளம். ஒரு நூல் கலர் இருந்தாலும் நான் எடுத்துக்க மாட்டேன்.”

“நீ சொன்னா சரிதான் மச்சான்” என்றார் வரதன். “சீலை கட்டிக்கப் போறது உன் பொண்ணு. எனக்கு இன்னா?” சொல்லிவிட்டு ஊடு நூல் ஓடும் நாடாவைத் தள்ளினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சரோஜா எனக்காகக் கோயில் இட்லி வரவழைத்திருந்தாள். மூங்கில் குடலைக்குள் இலை வைத்து அவித்து, குழல் மாதிரி நீளமாக வந்து, துண்டு போடும் இட்லி அது. மிளகு, சீரகம், சுக்கு, நெய். கிள்ளானில் ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும் தின்று வளர்ந்த நாக்குக்கு முதல் வாய் கஷாயம் போல இருந்தது. மூன்றாவது வாயில் சரியாயிற்று. நான்காவது துண்டை நானே கேட்டு வாங்கினேன்.

“கோயில் பிரசாதம் மாதிரி செஞ்சது மாமா. நீங்க சாப்பிடுவீங்களோன்னு யோசிச்சேன்” என்றாள் சரோஜா.

“கடையில் வாங்கினது கடைப் பலகாரம்தாம்மா. வேதத்தில் இதற்குப் பதில் இருக்கு” என்று ஆரம்பித்தேன். வாயில் இட்லியோடு வேதம் சொல்வது எனக்குப் பழக்கம். அப்படியே தம்பியின் பக்கம் திரும்பினேன். “உலகத்து ஞானமெல்லாம் தேவனுக்கு முன்னால் பைத்தியக்காரத்தனம்னு அப்போஸ்தலர் எழுதியிருக்கார். நீ முப்பது வருஷம் கற்றுக்கொடுத்தது என்ன?”

“அந்தப் பைத்தியக்காரத்தனத்தைத்தான்” என்றான் அவன், சட்னியைத் தள்ளி வைத்தபடி. “ஆனா அண்ணே, அதை எழுதினவரு நல்லாப் படிச்சவரு. கிரேக்கப் புலவருங்க பாட்டெல்லாம் அவருக்குத் தெரியும். படிச்சவரு படிப்பைத் திட்டலாம். நீ மூணாங்கிளாஸ்.”

எனக்குச் சுருக்கென்றது. “நான் மூணாங்கிளாஸ் படிச்சதால்தான் நீ எம்.ஏ. படிச்சே” என்றேன்.

“அது உண்மை” என்றான். உடனே ஒப்புக்கொண்டான். இவனிடம் சண்டை போடுவதில் இதுதான் தொல்லை. உண்மையென்றால் தலையாட்டிவிடுவான். அடித்துப் பிடிக்க ஒன்றும் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகக் கிளம்பினேன். ஆட்டோ கிடைக்கவில்லை. வரதனின் டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன். என் எடைக்கு முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்த்தது. “மச்சான், மூச்ச உள்ள இழுத்துக்கினு வா!” என்று கத்திக்கொண்டே ஓட்டினார். தம்பி சைக்கிளில் எங்களை முந்திக்கொண்டு போனான். வாசல் வரை வந்தவன், “நீ போ. நான் இந்த டீக்கடையில இருக்கேன்” என்று எதிர்ப்புறம் போய்ப் பேப்பரைப் பிரித்தான்.

அன்றைக்குப் பிரசங்கம் எனக்காகவே வைத்தது போல இருந்தது. மனிதன் தன் புத்தியை நம்பிக் கெட்டுப்போவதைப் பற்றிப் போதகர் ஒலிபெருக்கியில் முழங்கினார். தெருவெல்லாம் கேட்டிருக்கும். இன்றைக்குத் தம்பி கரைந்திருப்பான் என்று நம்பிக்கையோடு வெளியே வந்தேன்.

“கேட்டியா?”

“முழுசும் கேட்டேன். மைக் வச்சிக்கினு உலக ஞானத்தைத் திட்டினாரு. மைக் எந்த ஞானம் அண்ணே?”

“மைக் செஞ்சவனுக்கு மூளை வச்சது யாரு?” என்று நானும் விடவில்லை. டீக்கடைக்காரர் ‘அப்டிப் போடு’ என்று கண்ணாடித் தம்ளரை மேசையில் தட்டினார். நுரை பொங்க இழுத்து ஆற்றுகிற எங்கள் ஊர் தே தாரிக்குக்கு அந்த டீ உறைபோடக் காணாது. ஆனாலும் அந்தத் தட்டலுக்காக இன்னொன்று வாங்கிக் குடித்தேன்.

கொஞ்ச தூரம் நடந்ததும் தம்பி சொன்னான்: “வேதத்துல பஞ்ச காலத்துல மாப்பானை தீராத விதவை வூட்டுக்குப் போன தீர்க்கதரிசி குருவா, சீடனா? உங்க போதகர் பிரசங்கத்துல சீடன் பேரைச் சொல்லிட்டாரு. குரு பேரைச் சொல்லணும்.”

எனக்கே அது தட்டுப்படவில்லை. கோபம் வரவேண்டியது, பெருமைதான் வந்தது. நம்பாதவனுக்குக்கூட வேதம் இப்படிப் பாடமாக இருக்கிறது என்றால் எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்த விதம் அப்படி.

அந்த நினைப்பில்தான் அன்று சாயங்காலம் மாட்டிக்கொண்டேன். டவுன் பஸ்ஸில் ஓரிக்கைக்குப் போய்ப் பாலாற்றில் இறங்கி நடந்தோம். பெயர்தான் ஆறு. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை மணல், அதில் மாடுகள், கிரிக்கெட் ஆடும் பையன்கள். எங்கள் கிள்ளான் ஆற்றில் சேறாவது ஓடும்.

“பாரு” என்றேன். “மேலே பார்த்தா ஒன்னும் இல்ல. தோண்டினா தண்ணி இருக்கு. விசுவாசமும் அப்படித்தான்.”

“உவமை சொன்னா நிரூபணம் ஆயிடுமா அண்ணே? மேலே பச்சையா இருக்கும், தோண்டினா பாறை. அதுக்கும் உவமை சொல்லலாம்.”

“உனக்கு எதையும் நம்பக்கூடாதுன்னு ஒரு பிடிவாதம்டா.”

அவன் நின்றுவிட்டான். குரலை உயர்த்தவில்லை. அவன் உயர்த்தவே மாட்டான்.

“அம்மா காய்ச்சல்ல கெடந்தப்போ நாம எல்லாரும் முழங்கால்ல இருந்தோம். நீ, நான், அப்பா, எஸ்டேட் லயத்து ஜனம் பூரா. அடக்கத்துக்கு வந்த போதகர் இன்னா சொன்னாரு, ஞாபகம் இருக்குதா?”

இல்லை என்று சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் இருந்தது.

“இந்த வீட்ல விசுவாசம் கொறச்சல்னு சொன்னாரு. எனக்குப் பதிமூணு வயசு அண்ணே. கொறஞ்சது யார்கிட்ட, என்கிட்டயான்னு ரொம்ப நாளா எனக்குள்ளயே தேடிக்கினு இருந்தேன். நான் சரியா ஜெபம் பண்ணாததாலதான் அம்மா செத்துட்டாங்கன்னு. காலேஜுக்கு வந்து தத்துவம் படிச்சப்புறம்தான் அந்தத் தேடலை வுட்டேன். நீ அதைப் பைத்தியக்காரத்தனம்ங்கற. எனக்கு அது மூச்சு வுட எடம் குடுத்துச்சு.”

இத்தனை வருஷம் இவன் மெட்ராசில் கெட்டுப்போனான் என்றே நினைத்திருந்தேன். எங்கள் அம்மாவின் குழிமேட்டில் நடந்தது இது என்று எனக்குத் தெரியாது.

“அந்த ஆள் சொன்னது தப்பு” என்றேன். “வேதத்தில் அப்படி இல்ல. நோவு வந்தவன்கிட்ட, நீ செஞ்ச தப்புதான் காரணம்னு சொல்ல வந்த சிநேகிதர்களை ஆண்டவரே கண்டிச்சிருக்கார். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனா அந்த இடத்தை நல்லாவே படிச்சிருக்கேன்.”

“சரி. அவரு தப்பு. அப்ப எது சரி? அம்மா ஏன் போனாங்க?”

என்னிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். பிரேக் ஏன் பிடிக்கவில்லை, கூரை ஏன் ஒழுகுகிறது, அரசாங்கம் ஏன் ரோடு போடவில்லை. அன்று அந்த மணலில் நின்றுகொண்டு, வேதத்திலிருந்து ஒரு வசனத்தை இழுக்கப் பார்த்தேன். இழுத்திருப்பேன். அடக்கத்தன்று அந்தப் போதகரும் அப்படித்தான் ஒன்றை இழுத்திருப்பார் என்று தோன்றியதும் நாக்கு நின்றுவிட்டது.

“தெரியாது பாக்கியம்” என்றேன். “ஆனா அம்மா அவர்கிட்ட இருக்காங்கன்னு நம்புறேன். ஏன் போனாங்கன்னு தெரியாது.”

அவன் என்னையே பார்த்தான். “நீ ஒரு விஷயம் தெரியாதுன்னு சொல்லி இன்னிக்குத்தான் அண்ணே கேக்கறேன்.”

“பஸ்ஸைப் பத்திக் கேளு. தெரியும்னு சொல்றேன்.”

சிரித்தான். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு இடம் இருந்தது. என்னை உட்காரவைத்துவிட்டு நின்றுகொண்டே வந்தான். தெருமுனையில் இறங்கி நடக்கும்போதுதான் சொன்னான்: “கண்ணாலத்துக்கு வர்றேன். பின்னாடி பெஞ்சுல உக்காந்துக்கறேன். எஸ்தர்கிட்ட நீயே சொல்லிடு, சித்தப்பாவால வாசிக்க முடியாதுன்னு.” அவன் வருகிறேன் என்று சொன்னதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. அந்தப் பெண் முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வது?

இரண்டு நாள் கழித்துப் புடவையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்தார்கள். தாம்பாளத்தில் பூ, வெற்றிலை பாக்கு வைத்து, மடித்த கூறையை வரதனும் ராணியும் சேர்ந்து என் கையில் கொடுத்தார்கள். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாக்கள் இருவரும் வந்திருந்தார்கள். எல்லோரும் பார்க்கட்டும் என்று நான் பெருமையாகப் பிரித்தேன்.

உள்முனை ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, மஞ்சள்.

“என்ன இது?” என்று கத்தினேன். பட்டறையில் கத்துகிற கத்தல். ராணி கதவுக்குப் பின்னால் போய்விட்டார். ஒரு அம்மா தெலுங்கில் முணுமுணுத்ததை யாரும் மொழிபெயர்க்கவில்லை. “மச்சான், எவ்வளவு சொன்னேன்? ஒரு நூல் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

வரதனின் முகம் சிவந்தது. ஆனால் தலை குனியவில்லை.

“சொன்னே. காதுல வாங்கிக்கினுதான் நெய்ஞ்சேன். ஒரு எழை கலர் உட்டுருக்கேனா, நீயே பாத்துக்க. நெசவு உன் சொல்படிதான் மச்சான். ஆனா அறுத்து எடுக்கச் சொல்லோ கை வரலபா. எங்க வூட்லேர்ந்து ஒரு பொண்ணுக்குப் போற சீலை. மஞ்ச வெக்காம எப்படிபா குடுக்கறது? நாளைக்கு அந்தப் புள்ளைக்குத் தலவலி வந்தாகூட எனக்குத் தூக்கம் வராது. நீ வெச்சேன்னு நெனைச்சுக்காத. நான் வெச்சது. என் மனசுக்கு வெச்சது.”

பாக்கியம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு இது அல்வா மாதிரி கிடைத்த இடம். ‘பார்த்தாயா அண்ணே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வரதனின் தோளைத் தொட்டான், அவ்வளவுதான்.

நான் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மஞ்சளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது எஸ்தரைக் காக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவளைக் காக்கிறவர் வேறு. ஆனால் வரதன் செய்தது பொய் இல்லை. நம்புகிறவன் நம்பியதை வைத்தான். அதை நான் வைத்ததாக ஊரும் சொல்லாது, தேவனும் சொல்லமாட்டார். அப்படியானால் என் தம்பியை மட்டும் நான் ஏன் அந்த வரிக்காக நெருக்கிக்கொண்டிருக்கிறேன்?

என் பட்டறையில் வெல்டிங் அடிக்கிறவனிடம் பெயின்ட் பிரஷைக் கொடுக்க மாட்டேன். அவரவர் வேலை அவரவருக்கு. வெளியே வருவது ஒரே பஸ்தான். இவ்வளவு சாதாரண விஷயம். படித்த தம்பிக்கும் தோன்றவில்லை, போதகருக்கும் தோன்றவில்லை, எனக்குத்தான் தோன்றியது. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“பாக்கியம்” என்றேன். “பாடத்தை நீ வாசி. வாசிச்சு முடிச்சுட்டுச் சும்மா நில்லு. கடைசி வரியை நான் என் இடத்திலிருந்து எழுந்து சொல்றேன். அதை நம்புறவன் நான்தானே?”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“நான் மாறல அண்ணே. அப்புறம் மாறிட்டேன்னு ஊர் பூரா சொல்லிக்கினு திரியக்கூடாது.”

“மாத்துறது என் வேலை இல்ல. அது அவர் வேலை. நான் அவர்கிட்ட கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். அதைத் தடுக்க உன் தத்துவத்துக்கு அதிகாரம் கிடையாது.”

“சபையில முழங்கால்ல நிறுத்தறேன்னு சவால் விட்டியாமே? எஸ்தர் போன்ல சொன்னா.”

“விட்டேன். நானே எழுந்து நின்னு, முடியலேன்னு சொல்லிக்கிறேன்.”

சொன்னபிறகுதான் அது எவ்வளவு பெரிய சங்கதி என்று எனக்கு உறைத்தது. சரோஜா என்னை விநோதமாகப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மாமா எதையும் முடியாது என்று சொல்லி அவள் கேட்டிருக்க மாட்டாள். “முடியாதுன்னு ஏன் மாமா சொல்லணும்? இவரு வர்றாரு இல்ல?” என்றாள்.

புடவையை மடித்து வரதனின் கையில் கொடுத்து, முறைப்படி மறுபடியும் கொடுக்கச் சொன்னேன். “மஞ்ச கொசுவத்துக்குள்ள போயிடும். வெளிய தெரியாதுண்ணா” என்று ராணி கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார். “தெரிஞ்சாத்தான் என்னம்மா? மாமன் வீட்டுச் சீர்னு சொல்லிக்கிறேன்” என்றேன். வரதன் வாயெல்லாம் பல்லாக, “அறுப்புக்கூலிக்கு ஒரு பாட்டிலாச்சும் வாங்கிக் குடுப்பியாபா?” என்றார். இந்த வேதக்காரனிடமா கேட்கிறாய் என்று தம்பி சிரித்தான். மோர் வாங்கிக் கொடுத்தேன்.

போன் பூத்துக்குப் போய்க் கிள்ளானில் எங்கள் போதகரை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். ஒப்புக்கொள்ள மாட்டார் என்றே நினைத்தேன். ஆலயக் கூரைக்கு நான் செய்த இரும்பு வேலையை ஞாபகப்படுத்தலாமா என்றுகூட வாய் வரை வந்தது. அதற்குள் அவரே, “யார் வாயால் சொன்னாலும் வார்த்தை அவருடையதுதானே. சத்தமாகச் சொல்லுங்கள், பின்வரிசை வரைக்கும் கேட்க வேண்டும்” என்றார். என் சத்தத்தைப் பற்றி அவருக்கு அப்படி ஒரு கவலை!

கிளம்புவதற்கு முந்தைய நாள் மத்தியானம், ஒத்திகை பார்க்கலாம் என்றேன். அடுத்த புடவைக்குப் பாவு நூல் ஏற்றுகிற வரைக்கும் தறியில் வேலை இல்லை என்பதால் வரதனும் ராணியும் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். சரோஜா சமையற்கட்டு வாசலில் முறத்தோடு இருந்தாள். என் வேதாகமத்தைத் தம்பியிடம் கொடுத்தேன். கல்யாணங்களில் வாசிக்கிற, அன்பைப் பற்றிய அந்த அதிகாரத்தை எடுத்தான். அடையாளக் கயிறு தேடவில்லை. விரல் தானாக அங்கே போயிற்று.

வாசித்தான். என்ன குரல் அது! நான் வாசித்தால் வார்த்தைகள் ஆணி ஆணியாக விழும். அவன் வாசித்தபோது, எத்தனையோ கல்யாணத்தில் கேட்டுச் சலித்த வரிகளை அன்றைக்குத்தான் முதலில் கேட்பது போல இருந்தது. சகல ஞானமும் அறிவும் இருந்தும் அன்பு இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று வருகிற இடத்தில் ஒரு கணம் நிறுத்தினான். சகல விசுவாசமும் இருந்தும் அன்பு இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை என்று அடுத்தே வருகிறது. அங்கே நிறுத்தவில்லை. என்னை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மேலே போனான்.

முடித்தான். புத்தகத்தை மூடாமல் கையில் பிடித்தபடி நின்றான்.

சுத்தியல் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரலை வைத்துக்கொண்டு, நான் அவன் கையிலிருந்த பக்கத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“உன் முறை அண்ணே” என்றான் பாக்கியம், மெதுவாக.

எழுந்து நின்றேன். “இது தேவனுடைய வார்த்தை” என்றேன். பின்வரிசை இருந்திருந்தால் கேட்டிருக்காது.

சபை பதில் சொல்ல வேண்டிய இடம் அது. அந்த வீட்டில் சபை இல்லை. ஆனால் ஒருவர் ஏதோ பெரிய சொல்லைச் சொல்லி நிறுத்தினால், கேட்டவர்கள் சும்மா இருக்கக் கூடாது என்று வரதனுக்குத் தெரிந்திருந்தது. தரையில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, நெஞ்சு நிறைய, “கோவிந்தா!” என்றார்.

சரோஜா முறத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். பாக்கியம் சிரித்த சிரிப்பில் கண்ணாடி நழுவிற்று. வரதன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“தப்பா சொல்லிட்டேனா மச்சான்? எங்களுக்கு இதாம்பா வாயில வரும்.”

“கல்யாணத்துக்கு வாங்க மச்சான். அங்க எல்லாரும் சொல்றதைக் கேட்டுக்கிட்டுச் சொல்லலாம்.”

“எங்கபா வர்றது? பாஸ்போர்ட்டுக்கு எங்க போவேன்? நீ ஒன்னு பண்ணு. அன்னிக்கு மாப்ளே இத்தப் படிச்சு முடிக்க எத்தினி மணி ஆவும்னு சொல்லு. நான் இங்கியே தறியாண்ட குந்திக்கினு சொல்லிடறேன்.”

நான் மணியைக் கணக்குப் போட்டேன். கிள்ளான் நேரத்திலிருந்து இரண்டரை மணியைக் கழித்து, இந்திய நேரத்தை அவருக்குச் சொன்னேன்.